ரிவர்ஸ் கியரில் ஒரு ‘வாங்க’

எனக்கு ஒரு வியாதி உண்டு. தெரிந்த முகம் கண்ணில் பட்டால் ‘வாங்க’ என்று கேட்காமல் இருக்க முடியாது. பஸ்ஸில் போகும்போது ரோட்டோரம் யாராவது தெரிந்தவர் நடந்து போனால், அவர் எந்தத் திசையில் போனாலும் சரி, ஜன்னல் வழியே ஒரு ‘வாங்க’ போட்டுவிடுவேன். ஆஸ்பத்திரியில் எனக்கு ஊசி போட வந்த நர்ஸைக்கூட வாங்க கேட்டிருக்கிறேன். (ஊசி போட்டு முடித்ததும் ‘போயிட்டு வாங்க’ என்றும் சொன்னேன். பாவம், அடுத்த நாள் வேறு நர்ஸ் வந்தார்.)

எங்கள் அவிநாசிப் பக்கம் ‘வாங்க கேட்பது’, அதாவது வாங்க என்று வரவேற்பது, சாதாரண விஷயம் இல்லை. வீட்டுக்கு வந்தவருக்குச் சாப்பாடு போட மறந்தால்கூட மன்னித்துவிடுவார்கள். வாசலில் கால் வைத்தவரை வாங்க என்று கேட்காமல் விட்டால் தீர்ந்தது. ‘போனேன், ஒரு வார்த்தை வாங்கன்னு கேக்கலீங்க’ என்பது எங்கள் பக்கத்தில் ஒரு புகார் இல்லை, தீர்ப்பு. அதற்குப் பிறகு கல்யாணப் பத்திரிகை வராது, கெடா விருந்துக்குக் கூப்பிட மாட்டார்கள்.

எனக்கு இந்த வியாதி வந்ததே ஒரு தடவை கேட்காமல் விட்டதால்தான். என் வீட்டுக்காரரும் நானும் அவிநாசிக்குப் பக்கத்தில் ஆறு மெஷின் போட்டு நிட்டிங் நடத்திக்கொண்டிருந்தோம். நூலை வாங்கித் துணியாகப் பின்னி, சாயப் பட்டறைக்கு அனுப்புகிற வேலை. ஒரு நாள் மெஷின் ஊசி பழுதாகித் துணியில் ஊசிக்கோடு விழுகிறதா என்று நான் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தபோது வாசலில் நிழல் தெரிந்தது. நிமிர்ந்தேன். பெரிய மாமா, அதாவது என் வீட்டுக்காரரின் அண்ணன், கையில் அவர் புது வீட்டுக் கிரகப்பிரவேசப் பத்திரிகையோடு நின்றார். அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். அந்த நேரம் பார்த்து ஊசிக்கோடு கண்ணில் பட்டது. மறுபடி துணியைப் பார்த்தேன். மெஷினை நிறுத்தச் சொல்லிவிட்டு நான் திரும்பினால் வாசலில் ஆளில்லை, பத்திரிகை மட்டும் ஒரு நூல் பெட்டிமேல் இருந்தது.

இரண்டு வருஷம். இரண்டு வருஷம் அந்த மனிதர் எங்கள் வீட்டில் பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை. கோயிலில் எதிர்ப்பட்டால் கோபுரத்தைப் பார்த்துக்கொண்டு நடப்பார். கடைசியில் என் வீட்டுக்காரர் போய்க் கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூட்டி வந்தார். அன்றைக்கு நான் கேட் அருகில் ஒரு தடவை, வாசலில் ஒரு தடவை, இலைக்கு முன்னால் ஒரு தடவை என்று மூன்று ‘வாங்க’ கேட்டேன். பழைய பாக்கியையும் சேர்த்துத் தீர்க்கிற மாதிரி.

அந்தச் சமாதான விருந்தில்தான் அடுத்த வம்பை விலைக்கு வாங்கினேன்.

எங்களிடம் ஒரு ஆறு சக்கர லாரி இருந்தது. நூல் கொண்டு வருவதும் துணி கொண்டு போவதும் அதில்தான். ஆனால் டிரைவர்கள் நிலைத்து நிற்க மாட்டார்கள். பெரிய கம்பெனிக்காரர்கள் கூப்பிட்டால் போய்விடுவார்கள். ஒரே வருஷத்தில் ஆறு பேர் மாறி, ஏழாவதாக ஆரோக்கியம் வந்திருந்தான். தூத்துக்குடிப் பக்கத்துப் பையன், இருபத்தைந்து வயது, நல்ல கை. அவனும் இப்போது, “எனக்குக் கல்யாணம் வச்சிருக்காவ அண்ணாச்சி, மூணு மாசத்துல ஊருக்கே போயிருவேன்” என்று சொல்லிவிட்டான். துணி நேரத்துக்குப் போகாவிட்டால் அடுத்த ஆர்டர் வராது. ஆர்டர் வராவிட்டால் ஆறு மெஷினையும் மூடிவிட்டு நாங்கள் வேறு யார் கம்பெனியிலாவது செக்கிங் வேலைக்குத்தான் போக வேண்டும். என் வீட்டுக்காரர் ஓட்டலாமே என்பீர்கள். அவர் எதிரில் லாரி வந்தால் கண்ணை மூடிக்கொள்கிற ரகம். ஸ்கூட்டரில் போகும்போதே மூடுவார்.

இலையில் ரசம் ஊற்றிக்கொண்டே நான் சொன்னேன்: “நானே ஓட்டறனுங்க.”

மூலனூரில் அப்பாவின் முருங்கைக்காய் வேனை ஓட்டிப் பழகியவள் நான். லைட் லைசென்ஸ் எடுத்து வருஷக்கணக்காயிற்று. அந்தத் திமிர்.

பெரிய மாமா ரசத்தைக் கையில் ஏந்தி உறிஞ்சிவிட்டு நிதானமாகச் சொன்னார். “அம்மணி, லாரி ஓட்டறது என்ன தோசை சுடற வேலையா? நீ மட்டும் ஹெவி லைசென்ஸ் வாங்கிப் போடு. நான் வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு உன்ற வண்டில கிளீனர் சீட்டுல உக்காந்து வாரேன்.”

பந்தியே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் அன்றைக்கே ஆரோக்கியத்தைக் கூப்பிட்டு, “நாளையிலிருந்து எனக்குச் சொல்லித் தா” என்றேன்.

லாரி வேன் இல்லை என்பது எனக்கு முதல் நாளே புரிந்துவிட்டது. நான் ஐந்தடிக்கும் அரை அங்குலம் குறைவு. சீட்டில் உட்கார்ந்தால் கண்ணாடிக்கு வெளியே வானம் மட்டும் தெரிந்தது. பனியன் வேஸ்ட்டை ஒரு சாக்கில் திணித்து அடியில் ஒன்று, முதுகுக்கு ஒன்று என்று இரண்டு திண்டு தைத்தேன். இப்போது ரோடு தெரிந்தது, கால் எட்டவில்லை. முதுகுத் திண்டை இன்னும் பெரிதாகத் தைத்தேன். கால் எட்டியது, மூச்சு முட்டியது. சேலைக்கு மேல் எக்ஸ்போர்ட்டில் ரிஜெக்ட் ஆன ஆம்பளைச் சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டேன். அதன் முதுகில் என்னவோ வெளிநாட்டுப் பாஷையில் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது. அர்த்தம் இன்றுவரை தெரியாது.

“அக்கா, கிளச்ச எதுக்கு இப்படி மிதிச்சுக் கொல்லுதீய? அது என்ன பாவம் பண்ணிச்சு?” என்பான் ஆரோக்கியம். கியர் மாற்றினால் வண்டி அலறும். “ஏசுவே” என்று அவன் அதைவிடச் சத்தமாக அலறுவான். முதல் வாரத்தில் அவன் கர்த்தரைக் கூப்பிட்ட எண்ணிக்கைக்கு, ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போயிருக்கவே தேவையில்லை.

நேராகப் போவது பதினைந்து நாளில் வந்துவிட்டது. ரிவர்ஸ்தான் எமன். இரண்டு வரிசைக் கம்பிகளுக்கு நடுவே, எதன்மேலும் படாமல், நடுவில் நிற்காமல், பின்னால் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். எங்களிடம் கம்பி ஏது? நூல் சுற்றி வரும் அட்டைக் கோன்கள்தான் மலைபோலக் கிடந்தன. அவற்றை ஒன்றின்மேல் ஒன்றாகச் செருகித் தூண் மாதிரி நட்டு வைத்தான். முதல் நாள் பன்னிரண்டு தூணில் பதினொன்றை நசுக்கினேன். (பன்னிரண்டாவது, காற்றில் தானாக விழுந்தது.) எங்கள் நிட்டிங்கில் வேலை பார்த்த பெண்கள் மத்தியானச் சாப்பாட்டுத் தூக்கைத் திறந்துகொண்டு, வரிசையாக உட்கார்ந்து இதைப் பார்ப்பார்கள். அவர்களுக்கு வேறு பொழுதுபோக்கே தேவைப்படவில்லை.

ஆனாலும் விடவில்லை. இரண்டு மாதம் போனபோது ஒரு கோன்கூட அசையாமல் லாரியைப் பின்னால் கொண்டுபோய் நிறுத்தினேன். ஆரோக்கியம் ஒவ்வொரு தூணாகத் தொட்டுப் பார்த்தான். பிறகு, “நான் கல்யாணத்துக்கு நிம்மதியாப் போவேன்க்கா” என்றான்.

சோதனை நாள் வந்தது. மைதானத்தில் ஹெவிக்கு வந்திருந்த இருபது முப்பது பேரில் நான் ஒருத்திதான் பொம்பளை. பிரேக் இன்ஸ்பெக்டர் வேப்பமர நிழலில் பிளாஸ்டிக் சேர் போட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் குடையும் டிபன் பாக்ஸும். என் பேரைக் கூப்பிட்டுவிட்டு, என்னைப் பார்த்து, “உங்க வீட்டுக்காரர் எங்கம்மா?” என்றார்.

“நான்தானுங்க சார் ஓட்டறது.”

அவர் என் திண்டுகளைப் பார்த்தார். சட்டையைப் பார்த்தார். “சரி, ஏறுங்க. கம்பியில படக்கூடாது. நடுவுல நிறுத்தக்கூடாது. நிறுத்தினா ஃபெயில்” என்றார்.

முன்னால் போனேன், வெண்ணெய் மாதிரி. நின்றேன். ரிவர்ஸ் போட்டேன். வலதுபக்கக் கண்ணாடியில் கம்பிகள் ஒவ்வொன்றாக என்னைத் தாண்டிப் போயின. பாதி தூரம் வந்தாயிற்று. ‘இன்னும் ஏழு கம்பிதான், அப்புறம் நான் லாரி டிரைவர்’ என்று மனதுக்குள் மத்தளம் கொட்டியது.

அப்போது கண்ணாடியில் ஒரு வெள்ளை வேட்டி தெரிந்தது. காம்பவுண்ட் ஓரம், தோளில் துண்டோடு பெரிய மாமா. நான் ஃபெயிலாவதைப் பார்ப்பதற்கென்றே வந்திருந்தார். என் வீட்டுக்காரர் பக்கத்தில் நின்று சங்கடமாக நெளிந்துகொண்டிருந்தார்.

அவர் கண்ணாடி வழியே என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன்.

அதே பார்வை. ஊசிக்கோட்டு நாளின் அதே பார்வை. சமாதானமாகி இரண்டரை மாதம்தான் ஆகிறது. என் மண்டைக்குள் லைசென்ஸ் போயிற்று, லாரி போயிற்று, ஆறு மெஷினும் போயிற்று. ஒரே ஒரு எண்ணம்தான் மிச்சம்: பார்த்துவிட்டார், கேட்காமல் விட்டால் இன்னொரு இரண்டு வருஷம்.

பிரேக்கை மிதித்தேன். லாரி நின்றது. தலையை வெளியே நீட்டி, மைதானமே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினேன்.

“வாங்க மாமா! எப்ப வந்தீங்க? அக்காவக் கூட்டிட்டு வரலீங்களா?”

“வந்தேன் அம்மணி, நீ வேலையப் பாரு!” என்று அங்கிருந்து அவரும் கத்தினார்.

மரியாதை முடிந்தது. ஆனால் ஒன்றை மறந்துவிட்டேன். என் உயரத்துக்கு ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்ட வேண்டுமென்றால் எழுந்து நிற்க வேண்டும். நான் எழுந்ததில் வலது கால் பிரேக்கை விட்டுவிட்டது. இடது கால் கிளச்சின்மேல் ஏறி நின்றது. மைதானம் பின்பக்கம் சரிவு. லாரி என்னைக் கேட்காமலே பின்னால் புறப்பட்டது.

ஒரு கம்பி சாய்ந்தது. இரண்டாவது சாய்ந்தது. “அக்கா பிரேக்கு! பிரேக்கு பிடிங்கக்கா! ஏசுவே!” என்று ஆரோக்கியம் கூடவே ஓடி வந்தான். நான் பதறி உட்காரப் பார்த்தால் திண்டு நழுவிக் கீழே போய்விட்டது. சீட்டுக்கும் ஸ்டியரிங்குக்கும் நடுவில் சிக்கிக்கொண்டு, காலால் துழாவி, ஒருவழியாகப் பிரேக்கைக் கண்டுபிடித்தபோது லாரி வேப்பமரத்தடியில் நின்றது. கம்பியைப் பக்கத்தில் வந்து பார்ப்பதற்காக இன்ஸ்பெக்டர் முன்பே எழுந்து வந்திருந்தார், தெய்வச் செயல். அவருடைய சேர் எழவில்லை. குடையும் டிபன் பாக்ஸும் சேரோடு சேர்ந்து தட்டையாகிவிட்டன. தேங்காய்ச் சாதம் என்று வாசனையில் தெரிந்தது.

அவர் மெதுவாக நடந்து என் ஜன்னலுக்கு வந்தார். முகத்தில் ஈயாடவில்லை. நான் வாயைத் திறந்தேன். தெரிந்த முகம் வந்தால் என்ன வருமோ அதுதான் வந்தது.

“வாங்க சார்.”

“நான் வந்து ஒரு மணி நேரம் ஆச்சும்மா,” என்றார் அவர். “நீங்க கீழ எறங்குங்க.”

அன்று வீட்டுக்கு வந்ததும் சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டுக் குளியலறையில் தாழ் போட்டுக்கொண்டு அழுதேன். தோற்றது வலித்தது. இருபது முப்பது ஆண்பிள்ளைகள் நடுவே, அவர்கள் எதிர்பார்த்த மாதிரியே தோற்றது அதைவிட வலித்தது. ஆரோக்கியம் ஊருக்குப் போக இரண்டு வாரம்தான் இருந்தது.

இதில் ஒரு விசித்திரம். பெரிய மாமா சிரிப்பார், ஊரெல்லாம் சொல்லிக் கேலி செய்வார் என்று நினைத்தேன். ஊரெல்லாம் சொன்னார்தான். ஆனால் அவர் சொன்னதே வேறு. “லாரிய நடுவால நிறுத்திப்போட்டு என்னைய வாங்கன்னு கேட்டுச்சுங்க என்ற தம்பி சம்சாரம்! பரீட்சை போனாப் போவுதுன்னு கேட்டுச்சுங்க! எவன் ஊட்டுல இந்த மருவாதி கெடைக்கும்?” என்று டீக்கடையில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னாராம். எனக்குக் கேட்கக் கேட்க இன்னும் எரிச்சல்தான் வந்தது.

அடுத்த சோதனைக்குத் தேதி கிடைத்தது. ஆரோக்கியம் கிளம்புவதற்கு மூன்று நாள் முன்னால்.

“உங்களுக்கு ஓட்டத் தெரியும்க்கா. வாயத்தான் கட்டணும்” என்றான் அவன். அதற்கென்று ஒரு புதுப் பயிற்சி தொடங்கினான். நான் ரிவர்ஸ் எடுக்கும்போது நிட்டிங் ஆட்கள் ஒவ்வொருவராகக் கண்ணாடியில் தெரியும்படி நடந்து போக வேண்டும், கும்பிட வேண்டும். நான் கேட்கக் கூடாது. முதல் நாள் அந்தப் பக்கம் வந்த பால்காரரை வாங்க கேட்க வண்டியை நிறுத்திவிட்டேன். இரண்டாம் நாள், புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்த வடக்கத்திப் பையன் ‘நமஸ்தே தீதி’ என்று இந்தியில் அக்காவுக்கு வணக்கம் சொல்லிவிட்டுப் போக, அவனை வாங்க கேட்டு இரண்டு தூணை நசுக்கினேன். அவனுக்கு நான் சொன்னது புரியக்கூட இல்லை. பல்லைக் கடித்துக்கொள்ளச் சொன்னான் ஆரோக்கியம். வாயில் துண்டைத் திணித்துப் பார்த்தோம். துண்டுக்குள்ளிருந்தும் ‘ம்ம்ங்’ என்று ஒரு வாங்க வந்தது.

சோதனைக்கு முந்தின நாள் என் வீட்டுக்காரரிடம் கண்டிப்பாகச் சொன்னேன். “ஏனுங்க, நாளைக்கு நம்ம சனம் ஒருத்தரும் அங்க வரக்கூடாது. நீங்களும் வரக்கூடாது. சொல்லிப்போட்டேன்.”

“செரி புள்ள” என்றார். அவர் அவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டபோதே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

மைதானத்தில் அதே இன்ஸ்பெக்டர். புது சேர். இந்தத் தடவை அதை ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் போட்டிருந்தார். என்னைக் கண்டதும், “வாங்கம்மா” என்றார். கூட்டம் கொல்லென்று சிரித்தது. நான் திண்டுகளை எடுத்துக்கொண்டு லாரியில் ஏறினேன்.

முன்னால் போனேன். ரிவர்ஸ் போட்டேன். ஒரு கம்பி, இரண்டு கம்பி. வலதுபக்கக் கண்ணாடியைப் பார்த்தேன். காம்பவுண்ட் ஓரம் எங்கள் சனம் மொத்தமும் நின்றது. பெரிய மாமா, அவர் சம்சாரமான அக்கா, அவர்கள் பிள்ளைகள், என் வீட்டுக்காரர், நாத்தனார், அவள் வீட்டுக்காரர் என்று பதினொரு பேர். ஒரு வேன் பிடித்து வந்திருக்கிறார்கள்!

வாய் திறந்துவிட்டது. ‘வா’ வரைக்கும் வந்துவிட்டது. அப்போதுதான் கவனித்தேன். ஒருத்தர் முகமும் தெரியவில்லை. பதினொரு முதுகுகள். எல்லோரும் எனக்கு முதுகு காட்டி, காம்பவுண்ட் சுவரைப் பார்த்துக்கொண்டு, வரிசையாக நின்றார்கள். நடுவில் வெள்ளை வேட்டி, தோளில் துண்டு. என் நாத்தனார் திரும்பப் பார்த்தாள். பெரிய மாமா அவள் தலையைப் பிடித்துச் சுவர்ப் பக்கம் திருப்பிவிட்டார்.

நான் ஒரு தடவை முகம் கொடுக்கவில்லை என்பதற்காக இரண்டு வருஷம் தண்ணீர் குடிக்காத மனிதர். அவராகவே எனக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டு, வெயிலில், சுவரைப் பார்த்து நிற்கிறார். நான் கேட்காமல் இருப்பதற்காக.

கண்ணில் தண்ணீர் முட்டிக் கண்ணாடி கலங்கியது. (இதில் இன்னொரு தடவை இடித்திருந்தால் அதற்கும் அவர்தான் காரணம்.) சட்டைக் கையால் துடைத்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, ஓட்டினேன். ஒரு கம்பி ஆடவில்லை. ஒரு நொடி நிற்கவில்லை. கோடு போட்ட இடத்தில் லாரி போய் நின்றது. பிறகு மேட்டில் நிறுத்தி எடுக்கச் சொன்னார், எடுத்தேன். ரோட்டில் ஒரு சுற்று போகச் சொன்னார், போனேன். திரும்பி வந்து இறங்கியதும் இன்ஸ்பெக்டர் காகிதத்தில் எழுதிக்கொண்டே, “பாஸ்ம்மா. சொந்தக்காரங்கள இப்பக் கூப்பிடலாம்” என்றார்.

ஓடினேன். அவர்கள் இன்னும் அப்படியே நின்றிருந்தார்கள். எப்போது முடியும் என்று யாருக்கும் தெரியவில்லை, திரும்பிப் பார்க்கவும் பயம். கிட்டத்தட்ட அரை மணி நேரமாக வெயிலில் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

நான் அவர் முதுகுக்குப் பின்னால் போய் நின்றேன். “வாங்க மாமா” என்றேன்.

அவர் திரும்பவில்லை. “முடிஞ்சுதா அம்மணி?”

“முடிஞ்சுதுங்க மாமா. பாஸ் ஆயிட்டனுங்க.”

அப்புறம்தான் திரும்பினார். கண் சிவந்திருந்தது. வெயில் என்று சொன்னார். மீதிப் பத்துப் பேரையும் ஒவ்வொருவராக வாங்க கேட்டு முடிக்க எனக்குக் கால் மணி நேரம் ஆயிற்று.

ஆரோக்கியம் நிம்மதியாக ஊருக்குப் போனான். லைசென்ஸ் கைக்கு வந்த அன்று பெரிய மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து கிளீனர் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். அவிநாசியிலிருந்து திருப்பூர் சாயப் பட்டறை வரைக்கும் கதவைத் தட்டித் தட்டி “ரைட், ரைட்” என்று கத்திக்கொண்டே வந்தார். சிக்னலில் நின்ற பஸ்காரர் எங்களை வெறித்துப் பார்த்தபோது, “என்ன பாக்கறீங்க? டிரைவரம்மா என்ற தம்பி சம்சாரமுங்க. நான் கிளீனருங்க” என்று அவரே அறிமுகமும் செய்துவைத்தார். ஆறு மெஷின் எங்களிடம் பத்தாகப் பெருகியது. லாரி இரண்டாயிற்று.

அன்றிலிருந்து நான் எந்த வண்டியை ரிவர்ஸ் எடுத்தாலும் எங்கள் குடும்பத்தில் எல்லோரும் சட்டென்று திரும்பி முதுகு காட்டி நிற்பார்கள். கார் ஆனாலும் சரி, ஸ்கூட்டரைப் பின்னால் தள்ளினாலும் சரி. என் மகள் கல்யாணத்தில் மண்டப வாசலில் நான் பாத்திர வேனை ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருந்தபோது, மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கினார்கள். அதைக் கவனிக்காத எங்கள் சனம் முப்பது பேர் மொத்தமாக அவர்களுக்கு முதுகு காட்டித் திரும்பி நின்றது. சம்பந்தியம்மா முகம் கறுத்துப்போனதைக் கண்ணாடியில் பார்த்தேன். வேறு வழியில்லை. வேனை நிறுத்தி, தலையை நீட்டி, “வாங்க வாங்க!” என்றேன். வாசலில் கட்டியிருந்த வாழை மரங்களில் ஒன்று வேனுக்கு அடியில் போய்விட்டது. பெரிய மாமா முழுக்கதையையும் சம்பந்திகளுக்குச் சொல்லி முடிப்பதற்குள் முகூர்த்தமே வந்துவிட்டது.

மறுவீட்டுக்குப் புறப்பட்ட அன்று புது ஜோடியை ஏற்றிக்கொள்ளக் காரைப் பின்னால் எடுத்தேன். பழக்கத்தில் கண்ணாடியைப் பார்த்தேன். வாசலில் என் மகளும் பெரிய மாமாவும் முதுகு காட்டி நின்றார்கள். அவர்களுக்கு நடுவில், யாரும் சொல்லாமலே, பட்டு வேட்டியோடு மாப்பிள்ளையும் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார்.